தேன்மொழிக்கு, அத்தை எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள தேன்மொழி,

அண்ணன் போனில் எல்லாம் சொன்னான். “அவர் காசு ஒரு பைசா வேண்டாம், என் பிள்ளைகளை நானே வளர்த்துக்கொள்வேன்” என்று பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டு எழுந்து போனாயாம். அந்த வைராக்கியம் எங்கம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு இடமில்லையம்மா. அது உன் காசு இல்லை. அகிலுக்கும் நிலாவுக்கும் அவர்கள் அப்பாவிடமிருந்து சேர வேண்டியது. அதை வேண்டாம் என்று சொல்கிற உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளையின் ஜீவனாம்சம் தாயின் உரிமையைச் சார்ந்ததல்ல, தனியாக நிற்பது என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே நூர் சபா கத்தூன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

குடும்ப நல நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலத்தில் உன்னைப் போலச் சொன்ன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார்கள். பிறகு நகையெல்லாம் அடகுக்குப் போய், பிள்ளையையும் பள்ளிக்கூடம் மாற்றிவிட்டு மனுவோடு வந்து நிற்பார்கள். தொகை மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் இதை நாடு முழுமைக்கும் ஒரே விதியாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்கள் போனது போனதுதான். “அரைப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்” என்று நீ தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளின் கையிலிருந்து போகிறது.

சரி, எவ்வளவு வரும் என்று அண்ணன் கேட்டான். அதைத்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

நம் நாட்டில் இதற்குப் பட்டியல் கிடையாது. கனடாவில் 1997 முதல் அட்டவணையே இருக்கிறது. கொடுக்க வேண்டியவரின் வருட வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர் இருக்கும் மாகாணம் இவற்றைப் பார்த்தால் மாதத் தொகை தெரிந்துவிடும். இங்கே நீதிபதி எடைபோட்டுச் சொல்வதுதான். அதனால் ஒரே சம்பளக்காரர் இருவரின் பிள்ளைகளுக்கு, கோர்ட்டைப் பொறுத்து வேறு வேறு தொகை வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று உச்சவரம்பே இருந்தது, தெரியுமா? அந்த 500ஐ வாங்கப் படியேறிய பெண்களை நினைத்தால் இன்னும் மனசு கொதிக்கிறது.

ஊரில் எல்லாரும் “சம்பளத்தில் கால் பங்கு” என்பார்கள். 2017இல் கல்யாண் டே சவுத்ரி வழக்கில் மனைவிக்கான ஜீவனாம்சத்துக்கு, கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. பிள்ளைகளின் தொகை அவர்களுக்கு ஆகும் செலவிலிருந்து தொடங்குகிறது. சாப்பாடு, துணி, வீடு, வைத்தியம், படிப்பு எல்லாம் அதில் சேரும். அளவோடு இருந்தால் தனி வகுப்புகளும் சேரும் என்று 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆகவே அகிலின் செஸ் வகுப்பை எழுதக் கூச்சப்படாதே.

அண்ணன் சொன்னதை வைத்து நானே கணக்குப் போட்டேன். பள்ளிக் கட்டணம் இருவருக்கும் வருஷத்துக்கு 84,000, மாதத்துக்கு 7,000. வேன் 2,400. செஸ் 1,500. நிலாவின் வீசிங் மருந்து 1,100. பால், சாப்பாடு 7,000. நீ எடுத்திருக்கும் வீட்டு வாடகை 9,000இல் பிள்ளைகள் பங்காக 6,000. துணிமணி, செருப்பு, நோட்டுப்புத்தகம் என்று 3,000. மொத்தம் 28,000.

இதை யார் சுமப்பது? பெற்றவர்கள் இருவரும். உனக்குப் பள்ளியில் 15,000, டியூஷனில் 3,000 வருகிறது. இருவரும் சம்பாதித்தால் வருமானத்தின் விகிதப்படி சுமக்க வேண்டும் என்று 2000இல் பத்மஜா சர்மா வழக்கில் சொன்னார்கள். அந்தக் கணவரின் சம்பளம் மனைவியுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் 2:1.

இனி மாப்பிள்ளையின் வருமானம். வழக்குகள் இழுபடுவதும் உடைவதும் இந்த இடத்தில்தான். சம்பளக்காரர் என்றால் கம்பெனி தரும் படிவம் 16 போதும். கடை நடத்தும் மாப்பிள்ளையிடம் அது இல்லை. அவர் வருமான வரிக் கணக்கில் 3,60,000 காட்டியிருக்கிறார், அதாவது மாதம் 30,000. ஆனால் கார் தவணை 14,000, சீட்டு 10,000, எல்.ஐ.சி. 4,000, வீட்டுச் செலவு 20,000, அவர் அம்மாவின் மருந்தும் கைச்செலவுமாக 6,000. கூட்டிப் பார், 54,000. முப்பதாயிரம் சம்பாதிக்கிறவர் மாதாமாதம் கடன் வாங்காமல் இதைச் செலவழிக்க முடியாது. வருமானத்தை ஒருவர் உண்மையாகச் சொல்லாதபோது கோர்ட் ஓரளவு ஊகித்து முடிவெடுக்கலாம் என்று 1997இல் ஜஸ்பீர் கவுர் சேகல் வழக்கிலிருந்தே வழி இருக்கிறது. இப்போது அந்த ஊகத்துக்குப் பிடி கொடுக்க அபிடவிட் வந்துவிட்டது. சொத்து, கடன், வருமானம், வாழ்க்கைத்தரம் எல்லாவற்றையும் இருவரும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் கூடவே வைக்க வேண்டும். பொய் எழுதினால் அதற்கே தனி வழக்கு வரும்.

கார் தவணை போக அவரிடம் என்ன மிச்சம் என்று அவர் வக்கீல் கேட்பார். கலங்காதே. வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற பிடித்தங்களைத்தான் கோர்ட் கழிக்கும். தானாக விரும்பி எடுத்த கடனும் போட்ட சீட்டும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க முடியாது.

ஆக 54,000க்கு 18,000. மூன்றுக்கு ஒன்று. 28,000இல் அவர் பங்கு 21,000, உன் பங்கு 7,000.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் அன்னுரிதா வோரா வழக்கில் குடும்ப வருமானத்தை ஒரு கேக் போலப் பங்கு போடச் சொன்னது. சம்பாதிப்பவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு இரண்டு, உனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று, உன் மாமியாருக்கு ஒன்று. அவருடைய 54,000 ஆறு பங்கானால் பங்குக்கு 9,000. பிள்ளைகளுக்கு 18,000. உன் மாமியாரை நான் சேர்த்ததற்காகக் கோபப்படாதே. அந்த அம்மாவுக்கு மகனை விட்டால் வேறு ஆள் இல்லை, அதைக் கோர்ட் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். மனுவில் 21,000 கேள். கடை வருமானத்தை முழுதாக நிரூபிக்க முடியாவிட்டால் 18,000க்கும் கீழே வரலாம் என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்.

இதை வைத்துப் பார்த்தால், மொத்தமாகத் தந்து முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிய ஐந்து லட்சம் என்ன ஆகிறது? மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. ஐந்து லட்சம் இரண்டரை வருஷத்துக்குக்கூடத் தாங்காது. நிலாவுக்கு ஆறு வயசு. அவள் பதினெட்டைத் தொடப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகும், கல்யாணமாகும்வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், 1956ஆம் வருஷச் சட்டப்படி அப்பாவிடம் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. “இனி எந்தப் பாத்தியதையும் இல்லை” என்ற தாளில் கையெழுத்துப் போடாதே. நீ போட்டாலும் பிள்ளைகளின் உரிமை அதனால் அழியாது, ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே வழக்கை இழுப்பார்கள்.

மனுவை நீ இருக்கும் மதுரையிலேயே போடலாம், அவர் இருக்கும் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். ஜீவனாம்சத்துக்கு முன்பு 125ஆம் பிரிவு என்றார்களே, 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 144. இடைக்காலத் தொகையையும் சேர்த்தே கேள். அபிடவிட்டுகள் வந்த பிறகு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. நடப்பில் தள்ளித்தான் போகும், ஆனாலும் வாய்தா தவறாமல் போ. உத்தரவுக்குப் பிறகு அவர் தராவிட்டால், பாக்கியை ஒரு வருஷத்துக்குள் கேட்டு மனுப் போட வேண்டும், மறந்துவிடாதே. பாக்கிக்காக ஜெயிலுக்குப் போய் வந்தாலும் கடன் தீராது.

பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளைகளை அவரிடம் காட்டாமல் இருக்காதே. அகில் அப்பாவைத் தேடுகிறான் என்று அண்ணன் சொன்னான். பார்ப்பது வேறு, பணம் வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்ட வீடுகளில் பிள்ளைகள்தான் நொறுங்கிப்போனார்கள்.

உன் டியூஷன் பணம் 3,000ஐயும் அபிடவிட்டில் எழுது. யாருக்கும் தெரியாது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னால்கூடக் கேட்காதே. மாப்பிள்ளை மறைத்ததை நாம் தோண்டப் போகிறோம், நம் பக்கம் ஒரு ரூபாய்கூட மறைந்திருக்கக் கூடாது.

ஸ்கூல் ரசீதுகள், வேன்காரரிடம் ஒரு சீட்டு, மருந்து பில்கள், வாடகை ஒப்பந்தம், உன் பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வை. அவருடைய கார், கடை போர்டு, கல்யாணத்துக்கு முன் கடையைப் பற்றி அவர்கள் வீட்டில் எழுதித் தந்த விவரம் ஏதாவது இருந்தால் அதையும் சேர். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு நாள் இருந்து உன்னோடு உட்கார்ந்து எழுதிவிட்டுத் திங்களன்று வக்கீலிடம் போவோம். நிலாவுக்கு அல்வா வாங்கி வருகிறேன், அகிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அத்தை