ஏழு குதிரை

அப்பா சுவர் விளம்பரம் எழுதினவர். 2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்து அவர் பிழைப்பைப் பிடுங்கியது. நான் தெருவோர ஓவியச் சந்தையில் கடை போட்டேன். இப்போ அங்கேயும் மிஷின்தான். கேன்வாஸில் அச்சடித்த ஏழு குதிரை, மேலே நாலு இழுப்பு வண்ணம்; கேட்டால் கையால் வரைந்ததாம்.

பறையடிக்கும் என் தாத்தா படத்தைப் பார்த்த ஒரு அம்மா, "நல்லாத்தான் இருக்கு. ஹால்ல மாட்ட முடியாதே தம்பி"ன்னாங்க. குதிரையை வாங்கிட்டுப் போனாங்க. கடை வாடகைகூடத் தேறவில்லை.

பத்திக் முதலான கைவினைப் பொருள் விற்ற காசில்தான் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. அவர்கள் துணியைத் துணியென்றே விற்றார்கள்.

நானும் குதிரை வரையலாமான்னு யோசிச்சேன். அப்பா கேட்டார்: "அப்ப தாத்தாவ யாருடா வரைவா?"

படம் இப்போ எங்க சேரி இரவுப் பள்ளிச் சுவரில். வாடகைக் கடன் இன்னும் தீரவில்லை.