கேட்க மறந்த கேள்வி

மே மாதம் பிறந்தால் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டிப் பங்கு இல்லத்திற்குப் பலர் வருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைக்கவென்று மகனோடு வந்தார். உடனே எழுதிக் கொடுத்தேன். தலைகுனிந்து நின்ற மகனிடம், “உனக்கு எதில் நாட்டம்?” என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே அவன் படிப்பைக் கைவிட்டான். கட்டணத்துக்காக அடகு வைத்த நிலம் மீளவில்லை. என் கையொப்பம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போதெல்லாம் மாணவரிடம் முதலில் தனியே பேசுகிறேன். “கட்டடத்தைக் கண்டு மயங்காதே. ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா, ஆய்வுக்கூடம் பயன்படுகிறதா என்று அங்கே பயில்வோரிடம் விசாரி. மொத்தக் கட்டணத்தையும் முன்னரே கேட்டறி. சேர்ந்தபின் பாடநூலோடு நின்றுவிடாதே, நூலகத்தை உனதாக்கிக்கொள்” என்கிறேன்.

பாதையை மாற்றிக்கொள்வதும் குற்றமன்று. அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954-இல் பட்டம் பெற்றார். அதன் பின்னரே சென்னையில் விமானப் பொறியியல் கற்றார்.

பெற்றோரே, விண்ணப்பத்தை நிரப்புமுன் பிள்ளையிடம் கேளுங்கள். அவர்கள் வாய்திறக்கும்வரை பொறுமையோடு காத்திருங்கள். நான் அன்று காத்திருக்கவில்லை.