பாறை இடுக்கில் ஒரு கையெழுத்து!

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து மோவாப். சுற்றிலும் செக்கச்செவேலென்று பாறை. தார் ரோடு முடிந்ததும் நண்பர் ஜீப் டயர்களில் காற்றைக் குறைத்தார். 'அப்பத்தான் கல்லுல பிடிக்கும் சார்!'

தேடிப் போவது புதையல். 2000 மே 2-ல் அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளியைப் பாதி புதைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். பிறந்தது ஜியோகேச்சிங்!

கருவி '60 மீட்டர்' என்றது. நடுவே பள்ளத்தாக்கு! செயற்கைக்கோளுக்கு இடம் தெரியும், வழி தெரியாதே! முதல் கியரில் ஊர்ந்து சுற்றி வர 2 மணி நேரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். குலதெய்வத்தை அன்றுதான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பாறை இடுக்கில் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் டைனோசர், நோட்டு. டைனோசரை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நம்மூர் ஒரு ரூபாயை வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் ரிஜிஸ்டரில்கூட இவ்வளவு ஆசையாகப் போட்டதில்லை!