சிறு வண்டியின் மேற்கூடு

உடைந்த பொருளொன்றைக் கண்டவுடன் மக்கள் உள்ளத்தில் எழும் எண்ணங்கள் இரண்டு. ஒன்று, அதனை எறிந்துவிடலாம் என்பது. மற்றொன்று, அதனைப் புத்தம் புதிதாக்கிவிடலாம் என்பது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றினும் ஒரு வகையில் உடன்பிறந்தவையே. என்னை? அப்பொருள் இதுகாறும் பட்டதனைத்தையும் இல்லாததாக்கவே இரண்டும் விழைகின்றன. இவற்றினிடையே மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை ஒரு விளையாட்டு வண்டி எமக்குக் காட்டிற்று. அதனை இவ்விதழ் வாசிக்கும் நண்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து செலுத்தப்பெறும் சிறு வண்டிகளை நம்மிற் பலர் கண்டிருப்பர். அவற்றுள் ஒரு வகை, மெய்யான வண்டியின் உருவத்தை அளவு பிசகாமற் பத்திலொரு பங்காகச் சுருக்கிச் செய்யப்படுவது. 15 அடி நீளமுள்ள சரக்குவண்டி இங்கே ஒன்றரை அடியாய் நிற்கும். ஜப்பானில் சிசுவோகா நகரத்துள்ள தாமியா நிறுவனத்தார் 1946ஆம் ஆண்டில் மர வாணிகராய்த் தொடங்கிப் பின்னர் மாதிரி உருவங்கள் செய்வதிற் புகழ்பெற்றவர். 1981ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி இவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. உலோகச் சட்டமும், லாரிகளில் உள்ளவை போன்ற பட்டைவில்களும், மூன்று வேகங்களுக்குரிய பற்சக்கரப் பெட்டியும் அதற்கு அமைந்திருந்தன. இத்தகைய வண்டியின் சட்டத்தின்மேற் கவிழ்க்கப்படும் பிளாஸ்டிக் மேற்கூடே அதற்கு முகமும் உடலும் தருவது. பந்தய வண்டிகளின் கூடு மெல்லிய பாலிகார்பனேட்டால் ஆனது. உட்புறத்தில் வண்ணம் பூசப்படுவது. மோதினால் வளைந்து கொடுப்பது. சரக்குவண்டியின் கூடோ கடினமான பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்தது. கதவின் கோடும் கைப்பிடியும் அதிற் செவ்வனே துலங்கும். ஆயின் மோதினால் விரியும்.

அத்தகைய கூடொன்றை எம்முடன் பணியாற்றும் இளைஞர் ஒருவர் துணிப்பையிற் பொதிந்து எம்மிடம் கொண்டுவந்தார். அவர் சிறுவராயிருந்த காலத்தில் ஓட்டிய வண்டியின் கூடு அது. இடப்பக்கத்து முன்சக்கர வளைவு உடைந்து காணாமற் போயிருந்தது. முன்மூடியில் விரல் நீளத்திற்கு ஒரு விரிசல். சிவப்பு வண்ணம் செங்கற்பொடி போல வெளுத்திருந்தது. கூரையைத் தாங்கும் முன்தூண் ஒன்று முன்னரே முறிந்து, மெல்லிய செப்புக் கம்பியால் நான்கு தையல் இடப்பெற்றிருந்தது. சட்டமும் மோட்டாரும் செம்மையாக்கப்பட்டுவிட்டன என்றும், தம் எட்டு வயது மகன் அவ்வண்டியை ஓட்டவேண்டும் என்றும், அதற்குக் கூடு தாங்கவேண்டும் என்றும் அவர் கூறினார்.

கருவியைக் கையிலெடுக்கு முன்னர்ப் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயரன்று. இத்தகைய கூடுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனாலேனும் ஏ.பி.எஸ். எனப்படுவதனாலேனும் வார்க்கப்படுகின்றன. பின்னது அக்ரிலோநைட்ரில், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றன் சேர்க்கை. நடுவில் நிற்கும் பியூட்டாடையீன் ரப்பரின் தன்மையது. அடிதாங்கும் ஆற்றல் அதனாலேயே வருகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களும் காற்றின் ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அதனையே. ஆகலின் பழைய கூடு மஞ்சள் படர்ந்து நொறுங்குந் தன்மை அடைகிறது. வலிமை தந்த பகுதியே முதுமைக்கும் வாயிலாதல் வியப்பன்றோ? எம்மிடம் வந்த கூட்டின் உட்புறத்தில் ஏ.பி.எஸ். என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தமையால் எமக்கு ஐயம் எழவில்லை.

விரிசலைக் கண்டவுடன் பசை தேடுவது பலர் வழக்கம். அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விரிசல் முடியும் நுனியில் 1 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிடல் வேண்டும். கூரிய நுனியிலே குவியும் இழுவிசை, துளையின் வட்டத்தைச் சுற்றிப் பரந்து தணிகின்றது. விரிசல் மேலும் ஓடாது நிற்கின்றது. உடைவதை நிறுத்த மேலும் ஒரு துளையிடுவது முரணாகத் தோன்றினும் உண்மை அதுவே.

இனி இணைப்பு. ஏ.பி.எஸ். அசிட்டோனிற் கரைவது. பயனற்ற ஏ.பி.எஸ். துண்டுகளை நறுக்கிக் கண்ணாடிக் குப்பியிலிட்டு, அசிட்டோன் ஊற்றி, ஓரிரவு மூடிவைத்தோம், காலையிற் கூழாயிற்று. அக்கூழை விரிசலின் உட்புறத்தே தடவினால் இருபக்கத்துப் பிளாஸ்டிக்கும் சிறிது இளகிக் கூழோடு கலந்து, அசிட்டோன் ஆவியானபின் ஒரே பொருளாய் இறுகும். இஃது ஒட்டுதல் அன்று, உருகி ஒன்றாதல். ஆயினும் பல நாட் பொறுத்திருத்தல் இன்றியமையாதது. உள்ளே எஞ்சிய ஆவி வெளியேறுமுன் தேய்த்துச் சமன் செய்தால், பின்னர் அவ்விடம் சுருங்கிக் குழியும். அசிட்டோன் எளிதிற் றீப்பற்றுவது. ஆதலாற் சாளரங்களைத் திறந்துவைத்து, விளக்கும் அடுப்பும் அணுகாத இடத்திலேயே இவ்வேலையைச் செய்தோம்.

காணாமற்போன சக்கர வளைவிற்கு அளவு எங்கே பெறுவது? எஞ்சி நின்ற வலப்பக்கத்து வளைவை அட்டையிற் படியெடுத்துப் புரட்டி வைத்தோம். இடப்பக்கத்து வளைவின் உருவம் கிடைத்தது. அதன்படி ஏ.பி.எஸ். தகட்டை அறுத்துப் பொருத்தி, குறைந்த இடங்களிற் பட்டி இட்டு, முதலில் 240 எண், பின்னர் 400, அதன்பின் நீர் தொட்டு 800 எண் உப்புத்தாளாற் றேய்த்தோம். விரலாற் றடவுங்கால் பழையது எது, புதியது எது என்று புலப்படாத அளவில் நிறுத்தினோம்.

வண்ணத்திற்கும் சான்று தேடவேண்டியிருந்தது. கதவிலிருந்த ஸ்டிக்கர் ஒன்றை மெல்ல உரித்தபோது, வெயில் காணாத மெய்ச்சிவப்பு அதன் கீழே அப்படியே இருந்தது. அதனையே அளவாகக் கொண்டு வண்ணம் வாங்கினோம். பத்திலொரு பங்கு உருவத்திற் பூச்சின் கனமும் பதின்மடங்காகத் தோன்றும் என்பதை மறத்தலாகாது. தடிப்பான பூச்சு கதவின் கோடுகளை மூழ்கடிக்கும். மெல்லிதாய்ப் பன்முறை தெளித்தலே முறை. மழைநாளில் தெளித்தால் காற்றின் ஈரத்தாற் பூச்சு வெளிறி மங்கும். ஆதலால் வெயில் நாளுக்குக் காத்திருந்தோம்.

நிற்க. பூச்சுக்கு முன்னரே அந்த நான்கு செப்புத் தையல்கள் எம்மைத் தடுத்து நிறுத்தின. அவற்றைக் களைந்து கூழால் இணைத்தால் தூண் செம்மையாய் விளங்கும். ஆயினும் உற்று நோக்குந்தோறும் அத்தையல் எம் கையை விலக்கிற்று. சுட்ட ஊசியாற் சம இடைவெளியில் துளைகள் இட்டு, கம்பியை இறுக்கி, முனைகளை முறுக்கி, அவை விரலிற் குத்தாதவாறு உள்ளே மடித்துவிட்டிருந்தார் யாரோ. எந்த விரலைக் காக்க அங்ஙனம் மடித்தார்? இளைஞரை அழைத்துக் கேட்டோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. “அப்பா தைத்தது, ஐயா. அவர் மின்கம்பி வேலை செய்தவர். கையில் இருந்ததை வைத்துத் தைத்தார்,” என்றார். தந்தையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆயின என்பதை யாம் அறிவோம். “கம்பியை எடுத்தால்தான் உறுதி வருமென்றால் எடுத்துவிடுங்கள். பையன் ஓட்டவேண்டும்,” என்று பின்னர்ச் சொன்னார்.

எடுக்காமலே உறுதி வரச் செய்தல் எம் கடமையாயிற்று. தூணின் உட்புறத்தே கம்பியைச் சூழக் கூழை நிரப்பினோம். செம்பு அதனுள்ளே புதைந்து, கட்டிடத்துள் இரும்புக் கம்பி போலத் துணைநின்றது. வெளிப்புறத்திற் பட்டி இடவில்லை. வண்ணம் காய்ந்தபின் பல்குத்தும் குச்சியால் நான்கு தையல்களின் மேலிருந்த பூச்சை மட்டும் சுரண்டி எடுத்தோம். சிவப்பின்மேல் நான்கு செப்புக் கோடுகள் விளங்கின.

இத்துறையிற் பழகிய நண்பர் ஒருவர் இதனைக் கண்டு, “எல்லாம் செய்து இதை மட்டும் கெடுத்துவிட்டீரே!” என்று வருந்தினார். பழைய வண்டிகளே இக்காலத்துப் புதியனவாய் மீண்டும் வருகின்றன என்றும், 1985ஆம் ஆண்டின் புரூசர் வண்டியைத் தாமியா நிறுவனத்தார் 2012ஆம் ஆண்டில் மறுபடி வெளியிட்டனரன்றோ என்றும் வாதித்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. குறையற்ற கூடு வேண்டுவார்க்கு அது கடையிற் கிடைக்கும். ஆனால் கடையில் எத்துணைப் பொருள் கொடுப்பினும் அந்த நான்கு தையல்கள் கிடையா. பழுது பார்ப்பவன் தன் திறத்தைக் காட்ட வந்தவனல்லன். மற்றொருவர் பொருளைச் சிறிது காலம் ஏந்தி நிற்பவன். எதனைக் களைவது என்பதைப் பொருளின் இயல்பு சொல்லும். எதனை விடுவது என்பதை உடையவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

சிறுவன் வண்டியை ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அது செங்கற் குவியலிற் கவிழ்ந்து கூரையிலே நீண்டதொரு கீறல் விழுந்ததாம். தூண் அசையவில்லை. கீறலைத் தேய்த்துப் பூசித் தரலாம் என்று யாம் சொல்லியனுப்பினோம். வேண்டாம் என்று மறுமொழி வந்தது, சொன்னவன் சிறுவன்.