தவறணையும் பப்பும்: கேரம் டவுன்ஸ் நினைவுகள்

மெல்பேர்ணில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் கேரம் டவுன்ஸ் என்றால் சிவா விஷ்ணு கோயில்தான். வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் பவுண்டரி றோட்டில் கார்கள் வரிசையாக வந்து திரும்பும். அருச்சனை செய்து, தீர்த்தம் வாங்கி, கார் நிற்பாட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கதைத்துவிட்டு எல்லோரும் தத்தம் திசைக்குப் போய்விடுவார்கள். கோயிலைத் தாண்டி ஊருக்குள் வருபவர்கள் குறைவு. நாங்களோ அந்த ஊருக்குள்ளேயே 1996 தொடக்கம் குடியிருக்கிறோம். புதிதாக இந்தப் பக்கம் வீடு எடுத்து வந்திருக்கும் குடும்பங்கள் சில, "இங்கே மாலை நேரத்தில் சனம் எங்கே போகிறது? றோட்டில் ஒரு குருவியைக்கூடக் காணவில்லையே" என்று எங்களிடம் கேட்டார்கள். நாங்களும் வந்த புதிதில் அதையேதான் கேட்டோம். அதற்குப் பதில் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சொன்ன பதில் பப்பைப் பற்றியது.

அதற்கு முன் எங்கள் அறியாமையையும் சொல்லிவிட வேண்டும். வந்து இரண்டாம் கிழமை, பத்திரங்கள் நிரப்பும் அலுவலாக டண்டினோங் போனோம். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பசி. பெரிய எழுத்தில் 'ஹோட்டல்' என்று போட்ட பழைய மாடிக் கட்டடம் ஒன்று கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக்கடை. சோறு கிடைக்காவிட்டாலும் பாணாவது கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனோம். உள்ளே தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம். நீண்ட மேசையடியில் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பியர் நாற்றம். எங்கள் வீட்டு அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்தினா. மேசைக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை மட்டும் நிலைமையை விளங்கிக்கொண்டு, பிள்ளைகள் இருவருக்கும் எலுமிச்சைச் சோடா ஊற்றிக் கொடுத்து, சாப்பாட்டுப் பகுதி அடுத்த கதவு என்று காட்டினாள். காசும் வாங்கவில்லை. ஆனாலும் வெட்கத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பப்புக்கு ஏன் ஹோட்டல் என்று பெயர் என்பதைப் பெரியவர்தான் பிறகு விளங்கப்படுத்தினார். மதுபான உரிமம் எடுப்பவர் வழிப்போக்கர் தங்குவதற்கும் அறைகள் வைத்திருக்க வேண்டும் என்று முற்காலத்துச் சட்டம் இருந்ததாம். அறைகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவர் பிறந்து வளர்ந்தது றிச்மண்டில். இன்று அங்கே ஒரு சிறிய வீடு வாங்கவும் எங்களைப் போன்றவர்களால் முடியாது. அந்தக் காலத்தில் அது தொழிலாளர் ஊர். ரொசெல்லா ஜாம் தொழிற்சாலை, பிரையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை எல்லாம் அங்கேதான் இருந்தன. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, முன்வாசல் நேரே நடைபாதையில் திறக்கும். தெருவுக்குத் தெரு மூலையில் ஒரு பப். ஒவ்வொரு பப்புக்கும் ஒவ்வொரு கூட்டம். இன்ன தொழிற்சாலைக்காரர் இன்ன பப், இன்ன கால்பந்துக் கழகத்து ஆட்கள் இன்ன பப் என்று இருக்கும். வேலை தேடுபவன் அங்கே போவான். ஆர் வீட்டில் சாவு, ஆர் வீட்டில் வருத்தம் என்பது பத்திரிகையில் வருவதற்கு முன் அங்கே தெரிந்துவிடும். யாராவது காலை உடைத்துக்கொண்டு படுத்தால் அவருடைய குடும்பத்துக்காகத் தொப்பி ஒன்று கைமாறிச் சுற்றிவரும். சனிக்கிழமையில் இறைச்சித் துண்டுகளைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்பார்கள்.

'சவுட்' என்று ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் கூடினால் முதல் சுற்று ஒருவர் வாங்குவார், அடுத்தது மற்றவர். தன்னுடைய முறை வரும்போது நழுவுகிறவனுக்கு அந்தத் தெருவில் மரியாதை இல்லை. நீங்கள் வேலைத்தலத்தில் இந்தச் சொல்லைக் கேட்பீர்கள். யாரோ சத்தம் போடப் போகிறார்கள் என்று பயப்பட வேண்டாம், தேத்தண்ணி வாங்கித் தருவதற்கும் அதே சொல்தான். மெல்பேர்ணில் 285 மில்லிலீற்றர்க் கிளாசுக்கு 'பொட்' என்று பெயர், சிட்னியில் 425 மில்லிலீற்றர் 'ஸ்கூனர்'தான் வழக்கம்.

ஆனால் பெரியவர் எல்லாவற்றையும் இனிப்பாகச் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் விக்டோரியாவில் பப்புகள் மாலை 6 மணிக்குப் பூட்டப்பட்டன. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1916இல், கொண்டுவந்த சட்டம் அது. ஆண்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போகட்டும் என்பது நோக்கம். நடந்ததோ வேறு. ஐந்து மணிக்கு வேலை விட்டு ஓடிவந்தவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஊற்றிக்கொண்டு தள்ளாடி வீட்டுக்குப் போனார்கள். கதிரைகளைத் தூக்கிவிட்டார்கள், சுவருக்கு ஓடு பதித்துப் பிறகு தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1955இல் இந்தச் சட்டம் போய்விட்டது. விக்டோரியாவில் 1956இல் சனங்களிடம் வாக்குக் கேட்டபோதும் 6 மணியே நிலைத்தது. 1966 பெப்ரவரியில்தான் 10 மணியாக மாறியது. "எங்கள் அம்மாமாருக்கு அந்த 6 மணி பயங்கரமான நேரம்" என்று பெரியவர் சொல்லிவிட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

இதைக் கேட்கையில் எங்களுக்கு ஊர்த் தவறணை ஞாபகம் வரும். கள்ளுத் தவறணை என்று நாங்கள் சொல்லும் சொல் ஐரோப்பியர் எங்களிடம் விட்டுப்போனது. ஆங்கிலத்தின் 'டாவர்ன்' என்பதும் அதுவும் ஒரே வேர். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்துக்கொண்டு குந்தியிருந்து அரசியலும் ஊர்க்கதையும் பேசுவார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்த ஒழுங்கையால் போகக்கூடாது என்று எங்களைத் தடுத்தார்கள். ஆனால் குடிக்காதவர்களுக்கும் இடம் இருந்தது. சந்தியில் தேத்தண்ணிக்கடை, வாசிகசாலை, சனசமூக நிலையம், கோயில் வீதி. பழைய வீடுகளில் படலைக்கே கூரை போட்டுச் சங்கடப்படலை கட்டியிருந்தார்கள். தெருவால் போகிறவர் மழைக்கும் வெயிலுக்கும் அதில் ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கட்டிய தெருமூடி மடம் இருக்கிறது. அழைப்பில்லாமல் போய் இருக்கக்கூடிய இடம் என்று பார்த்தால், றிச்மண்டின் மூலைப் பப்புக்கும் எங்கள் சந்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எல்லோருக்கும் அது திறந்திருந்ததா என்றால் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பப்பின் பொதுப் பகுதிக்குள் பெண்களை விடமாட்டார்கள், அவர்களுக்குப் பக்கத்தறை. 1965இல் பிரிஸ்பேனின் றெகாற்றா ஹோட்டலில் மேர்ல் தோர்ன்ரன், றோசலி பொக்னர் என்ற இரு பெண்கள் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். அதே வருடம் சார்ள்ஸ் பேர்க்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பஸ் ஏறி நாட்டுப்புற நகரங்களுக்குப் போனார்கள். வோல்கெற் என்ற ஊரில், நாட்டுக்காகப் போருக்குப் போய்வந்த ஆதிக்குடி வீரர்களைக்கூடப் படைவீரர் கழகத்துக்குள் விடாததை எதிர்த்து நின்றார்கள். இதை வாசித்துவிட்டு வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக்கடைகளில் ஆருக்குப் போத்தலில் தேத்தண்ணி கொடுத்தோம், ஆரை வாங்கில் இருக்கவிட்டோம், ஆரை வெளியே நிற்கவைத்தோம் என்பதும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததும் மறந்துவிடவில்லை.

எங்கள் சந்தி எப்படி வெறிச்சோடியது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஊரடங்குச் சட்டம் வந்தது, 1990இலிருந்து மின்சாரம் இல்லை, 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தது. ஆறு மணிக்குப் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பழக்கத்தை நாங்கள் அங்கேயே பழகிக்கொண்டுதான் இங்கே வந்தோம். அதனால்தானோ என்னவோ, கேரம் டவுன்ஸின் வெறுந் தெரு எங்களுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது.

பப்புகள் போனதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. 1907க்கும் 1916க்கும் இடையில் அரசாங்கச் சபை ஒன்றே விக்டோரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பப்புகளின் உரிமத்தை நிறுத்தியது. கிழக்குப் புறநகர்களில் 1920இல் வாக்கெடுத்துச் சில பகுதிகளைப் பப்பே இல்லாத இடமாக்கினார்கள். பிறகு கார் வந்தது. சனம் தொழிற்சாலையோடு டண்டினோங் பக்கம் பெயர்ந்து, வளவு வைத்த வீடுகளில் குடியேறியது. பப்புக்கு நடந்து போன காலம் போய்க் காரில் போக வேண்டியதாயிற்று. 1966இல் இரத்தத்தில் மது அளவு 0.05 என்று எல்லை வைத்தார்கள், 1976இல் றோட்டில் மறித்து ஊதச் சொல்லத் தொடங்கினார்கள். இவை உயிர்களைக் காப்பாற்றிய சட்டங்கள், குறை சொல்ல முடியாது. மலிவாகப் பெட்டி பெட்டியாகப் பியர் வாங்கிக்கொண்டு போய் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் இருந்து குடிக்கும் வழக்கமும் கூடியது. 2007 யூலையில் உள்ளே புகைக்கத் தடை. 2020 மார்ச் 23இல் கொரோனாவால் நாடு முழுதும் பப்புகள் பூட்டப்பட்டன; சில திரும்பத் திறக்கவே இல்லை.

நிலத்தின் விலை இன்னொரு காரணம். மூலைக் காணியில் பியர் விற்பதைவிட அடுக்குமாடி கட்டுவது இலாபம். கார்ல்ரனில் 1850களில் கட்டிய கோர்க்மன் பப்பை 2016 ஒக்ரோபரில் ஒரு வார இறுதியில், அனுமதி எதுவும் இல்லாமல், இயந்திரம் கொண்டுவந்து இடித்துப்போட்டார்கள். நகரமே கொதித்தது. அங்கே ஒருநாளும் குடித்திராதவர்களும் வந்து இடிபாட்டின் முன்னால் நின்றார்கள்.

தப்பியவற்றில் பலவற்றை மாற்றியது சூதாட்ட இயந்திரம். விக்டோரியாவில் 1992 முதல் பப்புகளுக்குள் 'போக்கி' வந்தது. கதைத்துக்கொண்டு நின்ற இடத்தில் இப்போது யன்னல் இல்லாத அறை, மங்கல் வெளிச்சம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பொத்தானை அமத்தும் வரிசை. மலிவான சாப்பாட்டைக் காட்டி உள்ளே கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களையும் அங்கே கண்டிருக்கிறோம். கண்டதும் அவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், நாங்களும் காணாதது போல் வந்துவிடுவோம். சீட்டுக்காசைக் கொண்டுபோய் அதில் போட்ட குடும்பம் ஒன்று பட்ட பாடும் தெரியும். கராஜுக்குள் தனியே இருந்து போத்தலோடு ஊரை நினைத்து அழுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். தவறணையிலாவது 'போதும், எழும்பு, வீட்டை போ' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்தோம். கேரம் டவுன்ஸ் வெறுமனே கார்க்காரர் ஊர் என்று நினைக்க வேண்டாம். பொருளாதாரம் விழுந்து வேலையில்லாமல் சனம் அலைந்த காலத்தில், 1935இல், ஜெரார்ட் டக்கர் என்ற அங்கிலிக்கன் பாதிரியார், தாம் நிறுவிய சென்ற் லோறன்ஸ் சகோதரத்துவ அமைப்பின் மூலம் இங்கே வேலையற்ற குடும்பங்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் குடியேற்றினார். நகரத்துச் சேரியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஒருவகையில் எங்களைப் போன்றவர்கள்தான். பிறகு அது முதியோர் குடியிருப்பாக மாறியது. அதே டக்கர் 1953இல் தொடங்கிய சமாதானத்துக்கான உணவு இயக்கம், கிழமைக்குக் கிழமை சிறு காசு சேர்த்து இந்தியாவில் ஒரு சுகாதாரப் பணிக்கு அனுப்பியது. அந்த இயக்கம்தான் வளர்ந்து இன்றைய ஒக்ஸ்பாம் அவுஸ்திரேலியாவாக இருக்கிறது. சிவா விஷ்ணு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1994இல். இரண்டுக்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல். கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெரியவர் எங்களை மூன்று தரம் பப்புக்குக் கூப்பிட்டார். றிச்மண்டில் தான் தகப்பனோடு முதன்முதல் போன பப் இன்னும் இருக்கிறது, ஒருநாள் வாருங்கள், எலுமிச்சைச் சோடா வாங்கித் தருகிறேன் என்றார். நாங்கள் குடிப்பதில்லை என்று முதல்தரம் சொன்னோம். இரண்டாம்தரம் பிள்ளைகளுக்குச் சோதனை. மூன்றாம்தரம் என்ன சாட்டுச் சொன்னோம் என்பது ஞாபகமில்லை. பொங்கலுக்கு நாங்கள் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அவர் வேலிக்கு மேலால் வாங்கி, அடுத்தநாள் பாத்திரத்தைக் கழுவி, அதற்குள் தன் வளவுத் தக்காளி போட்டுத் திருப்பித் தருவார். வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாது என்ற எங்கள் வழக்கத்தை அவருக்கு ஆர் சொன்னார்களோ தெரியாது.

2009 மாரிகாலம். மூன்று நாட்களாக அவருடைய குப்பைத்தொட்டி தெருவோரத்திலேயே நின்றது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். நாலாம் நாள் மகள் வந்து சொன்னபோதுதான் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. செத்தவீட்டுக்குப் போனோம். சேவை முடிந்ததும் எல்லோரும் அந்த றிச்மண்ட் பப்புக்குப் போகிறார்கள், நீங்களும் வரவேண்டும், அப்பா உங்களைப் பற்றி எப்போதும் சொல்வார் என்று மகள் கையைப் பிடித்துக் கேட்டா. போனோம். வாசலில் பச்சை ஓடு பதித்த சுவர். உள்ளே பாதி சாப்பாட்டுக்கடையாக மாற்றியிருந்தார்கள். வெள்ளைத் தலைக் கிழவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்து, "நீங்கள்தானே அந்தப் பொங்கல்காரர்" என்று கேட்டுவிட்டு, எங்கள் எல்லோருக்கும் எலுமிச்சைச் சோடா வாங்கித் தந்தார். அடுத்த சுற்று எங்களுடையது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. எழும்பிப் போய் வாங்கினோம்.