இவர் ஏணியைப் பிடித்தால் போதும்!

டெக்சஸில் என் மகன் வைத்திருக்கும் ஆர்.வி., சமையலறை, படுக்கையோடு நகரும் வீடு. கூரை 11 அடி உயரம். அங்கே சோலார் பலகையைத் துடைக்க, சுருக்கினால் மூன்றடிச் சொச்சத்தில் அடங்கும் டெலஸ்கோப் ஏணி வாங்கப் போனோம்.

"12.5 அடி போதுமே" என்றார் கணவர். போதாது. கூரை விளிம்பைத் தாண்டி 3 அடி நீண்டால்தான் இறங்கும்போது பிடிமானம். 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சாய்க்கவும் வேண்டும். 15 அடிக்குக் குறைந்ததை நான் தொடவே விடவில்லை. 250 பவுண்டு தாங்கும் என்றால், ஆளும் கையிலுள்ள சாமானும் சேர்த்து 113 கிலோதான்.

ஒவ்வொரு படியும் 'டக்'கென்று பூட்டியதா என்று பார்த்த பிறகே கால் வைக்கணும். சுருக்கும்போது படிகளுக்கு நடுவே விரல் சிக்கினால், அவ்வளவுதான்!

கணவருக்கு வயது 68, ரத்த அழுத்தம் வேறு. மகன் ஏறட்டும், நீங்கள் கீழே பிடியுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. சென்னையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வருஷக்கணக்காக ஏறிக் கழுவியவராயிற்றே!