குடவோலை எடுத்த சிறுவன்

மதுராந்தகத்துப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் எடுப்பவர்கள் ஒரு நாள் அவர்களை உத்திரமேரூருக்குப் பேருந்தில் அழைத்துப் போக வேண்டும். பக்கத்து ஊர்தானே! சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை சொல்கின்றன: 30 குடும்புகள் (வார்டுகள்), ஏரி வாரியத்துக்கு 6 பேர், கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபையில் இடம் என்பதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பெயர் எழுதிய ஓலைகளைப் போட்ட குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். பெரியவர்கள் நடுவே, எல்லோரும் பார்க்க.

இன்று நம் சுற்றுவட்டாரக் கிராம சபைகளில் அந்த வயதுப் பிள்ளைகள் எங்கே? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபை உறுப்பினர்கள், உண்மைதான். ஆனால் உட்கார்ந்து கேட்க 18 வயது ஆக வேண்டுமா? ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுவதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருமுறை காதால் கேட்டால் போதும், தெருக்குழாய்க்கும் ஏரி மதகுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். நம் மதுராந்தகம் ஏரி எவ்வளவு பெரியது! அதன் கரையையும் வரத்துக் கால்வாயையும் நாளை காக்கப்போவது இவர்கள்தான்.

ஆசிரிய நண்பர்களே, அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். முந்தைய வாரமே அவரவர் தெருவைப் பற்றி ஒரு கேள்வி எழுதி வரச் சொல்லுங்கள். அதை அம்மாவோ அப்பாவோ சபையில் எழுந்து கேட்கட்டும்.